எழுதிக் கொடுங்க அண்ணே

“ஸ்டாக் இல்லம்மா.”

மருந்துக்கடைக்காரர் இப்படிச் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடந்த பெண்களில் நானும் ஒருத்தி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்த்த காலம் அது. கவரைப்பேட்டையில் ஒற்றை அறை வீடு, எட்டு மாதக் கைக்குழந்தை, லாரி ஓட்டும் கணவர். ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. பிள்ளைக்கு இன்னும் பால் மறக்கவில்லை. சிசேரியன் தையல் போட்ட இடம் குளிர்ந்த தண்ணீர் பட்டால் இன்னும் சுரீரென்று இழுக்கிறது. இன்னொன்றைத் தாங்கும் நிலையில் உடம்பும் இல்லை, சம்பளக் கவரும் இல்லை.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ஒரு மெடிக்கலுக்குப் போனேன். டியூப் லைட் வெளிச்சத்தில் நாலைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். எல்லோரும் போகட்டும் என்று இருமல் மருந்துப் பாட்டில்களைப் பார்ப்பதுபோல ஓரமாக ஒதுங்கி நின்றேன். ஒருவர் போனால் இருவர் வந்தார்கள். கடைசியில் வாய்க்குள்ளேயே கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை, மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வா” என்றார். அடுத்த கடையில், “அதெல்லாம் கவர்ன்மென்ட்டுல தடை பண்ணிட்டாங்களே, தெரியாதா?” மூன்றாவது கடையில் பதிலே இல்லை. தலை முதல் கால் வரை ஒரு பார்வை மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சூலூர்ப்பேட்டை போகும் ரயிலில் ஏறினேன். எளாவூர், ஆரம்பாக்கம், அதற்கடுத்து தடா. ஆந்திரா. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து கண்ணில் பட்ட முதல் மருந்துக்கடையில் கேட்டேன். கல்லாவில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஒகட்டா, ரெண்டா?” என்றாள். ஒன்றா, இரண்டா. அவ்வளவுதான் கேள்வி. பிளாட்பாரக் குழாயில் தண்ணீர் பிடித்து அங்கேயே விழுங்கினேன். முதல் நாளே விழுங்கியிருக்க வேண்டிய மாத்திரையை ஒன்றரை நாள் கழித்து, இன்னொரு மாநிலத்தில் போய் விழுங்கினேன்.

திரும்பி வரும்போது ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அழுதேன். பயத்தில் வந்த அழுகை இல்லை அது. மூன்று ஸ்டேஷன் தாண்டியதும் என் உடம்பு மாறிவிட்டதா? அந்தப் பக்கம் மருந்தாக இருப்பது இந்தப் பக்கம் எப்படிக் குற்றமாகும்? ஒரே தேசம், ஒரே சட்டம், ஒரே மாத்திரை. இந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. இதை எழுதுவதும் அதனால்தான்.

தங்கச்சி, நீயும் என்னைப்போல லைனில் நின்று வேலை பார்க்கிறவள். முதலில் இதைத் தெரிந்துகொள். தமிழ்நாட்டில் அவசரக் கருத்தடை மாத்திரைக்குத் தடை விதிக்கும் சட்டம் எதுவும் கிடையாது. லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்ற அந்த மருந்தை மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று இந்திய அரசு அனுமதித்தது 2005ஆம் ஆண்டில். 2007ல் அந்த மருந்து ஐ-பில் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது, டிவியில் விளம்பரமும் வந்தது. அந்த வருடங்களிலேயே இங்கே ஆட்சேபம் கிளம்பியது. பண்பாடு கெட்டுவிடும் என்றார்கள், பெண்கள் வழிதவறிப் போவார்கள் என்றார்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடைகளை நெருக்கியது. மாத்திரை அலமாரியைவிட்டு இறங்கியது, இன்றுவரை பெரும்பாலான கடைகளில் திரும்ப ஏறவில்லை. கேட்டால் அதிகாரிகள் தடை இல்லை என்கிறார்கள். கடைக்காரர் தடை இருக்கிறது என்கிறார். மொத்த வியாபாரியோ யாரும் கேட்பதில்லை, அதனால் அனுப்புவதில்லை என்கிறார். இந்த மூன்று பதிலுக்கும் நடுவில், மாத்திரையை விழுங்க வேண்டிய எழுபத்திரண்டு மணி நேரம் ஓடிவிடுகிறது.

இதே மருந்தை அரசின் குடும்பநலத் திட்டம் ‘ஈசி பில்’ என்ற பெயரில் இலவசமாகக் கொடுக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் கையால் கொடுத்தால் சேவையாக இருப்பது, தெருமுனைக் கடையில் நம் காசுக்கு வாங்கினால் ஒழுக்கக்கேடாகிவிடுமா? நைட் ஷிஃப்ட் முடித்து விடிகாலையில் வந்து விழுகிற பெண், சுகாதார நிலையம் திறந்திருக்கும் நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பாள். அவளுக்கு இரவு பத்து மணிக்கும் திறந்திருக்கும் மருந்துக்கடைதான் சுகாதார நிலையம். அந்தக் கடைக் கதவை மூடிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தைத் திறந்துவைத்திருக்கிறோமே என்று சொல்வது யாருக்கு நியாயம்?

எழுத்தில் இருக்கிற தடை எப்படி இருக்கும் என்று பார். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2021 செப்டம்பர் 1 அன்று ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு மேல் கருவைக் கலைக்கக் கூடாது, கலைக்க உதவியவர்மேல் யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம் என்றது. மறுவருடம் ஜூன் 24ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், 1973லிருந்து இருந்துவந்த கருக்கலைப்பு உரிமையையே ரத்து செய்துவிட்டது. கொடுமைதான். ஆனாலும் அந்த ஊர்ப் பெண்களுக்கு எதிரியின் பெயர் தெரியும். செனட் மசோதா எட்டு. எண் இருக்கிறது, வாசகம் இருக்கிறது, கையெழுத்துப் போட்ட ஆளுநரின் பெயர் இருக்கிறது. அட்டையில் எழுதித் தெருவில் தூக்கிப் பிடிக்கலாம், நீதிமன்றத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். நம்முடைய தடைக்கு எண் இல்லை, தேதி இல்லை, கையெழுத்து இல்லை. எழுதப்படாத தடையை எந்த நீதிபதி முன்னால் கொண்டுபோய் வைப்பாய்? அது கடைக்காரரின் பயத்திலும் நம் கூச்சத்திலும் குடியிருக்கிறது. அவருடைய பயத்தைப் போக்குவது நம் கையில் இல்லாமல் இருக்கலாம். நம் கூச்சம் நம் கையில்தான் இருக்கிறது.

கூச்சப்பட என்ன இருக்கிறது, சொல். மைக்ரோமீட்டரை எடுத்து ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளந்து, இந்தப் பீஸ் ஓகே, அந்தப் பீஸ் ரிஜெக்ட் என்று சொல்கிறவள் நீ. டார்க் ரெஞ்ச், கேஜ், ஃபிக்சர் என்று ஊரில் அப்பா அம்மா கேட்டே இராத பெயர்களை வந்த ஒரே மாதத்தில் நாக்கில் ஏற்றிக்கொண்டாய். சூப்பர்வைசர் தப்பான டிராயிங்கை நீட்டினால், “இல்ல சார், இது பழைய ரிவிஷன்” என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாய். அந்த நாக்கால் இதையும் சொல்லிப் பழகு: லெவோநோர்ஜெஸ்ட்ரல், ஒன்றரை மில்லிகிராம். ஹாஸ்டல் கண்ணாடி முன் நின்று பத்துத் தடவை சொல். மருந்தின் பெயர் தெரிந்தவளிடம் கடைக்காரர் பேசும் தொனியே வேறு.

அந்த மாத்திரை என்ன செய்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள். பாதிச் சண்டை இந்த அறியாமையில்தான் நடக்கிறது. அது கருவைக் கலைப்பதில்லை. முட்டை வெளியே வருவதைத் தள்ளிப்போடுகிறது, அதனால் கரு உண்டாகாமல் தடுக்கிறது. ஏற்கெனவே கரு தங்கிவிட்டால் அதற்கு வேலையே இல்லை, அந்தக் கருவுக்கு அதனால் கேடும் இல்லை. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். கொஞ்சம் குமட்டும், மாதவிலக்கு சில நாள் முன்பின் ஆகும். மாதாமாதம் இதையே நம்பியிருக்கக் கூடாது, வழக்கமான கருத்தடைக்கு இது ஈடாகாது. ஐந்து நாளுக்குள் அரசு மருத்துவமனையில் காப்பர்-டி வைத்துக்கொண்டால் அது இன்னும் உறுதியான தடுப்பு. இவ்வளவுதான் விஷயம். இதில் வெட்கப்பட ஒரு வார்த்தை இருக்கிறதா?

இந்தச் சின்ன மாத்திரை கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதையும் நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் லைனில் காண்ட்ராக்டில் இருந்த பெண், இருபத்திரண்டு வயது. நாள் தள்ளிப்போனது. யாரிடமும் வாய் திறக்கவில்லை. யார் மூலமாகவோ கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறாள். அது வேறு மருந்து. ஒன்பது வாரத்துக்குள், மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும். கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை பலிக்காது. குழாய் வெடித்து உயிரே போகலாம். ஹாஸ்டல் குளியலறையில் வாளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் வழியாக இறங்கிய ரத்தம் வெள்ளை டைல்ஸ் இடுக்கில் கோடு கோடாக ஓடி ஜாலிவரை போயிருந்தது. “யாருக்கும் சொல்லாதேக்கா” என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சு வரவில்லை. ஆட்டோவில் என் மடியில் படுத்துக்கொண்டும் அதையே சொன்னாள். உயிர் தப்பினாள். ஆஸ்பத்திரியில் கேட்ட ஏச்சு தனிக் கதை. பத்து நாள் கழித்து வேலைக்கு வந்தபோது வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சட்டம் அவள் பக்கம்தான் இருந்தது. 1971லேயே கருக்கலைப்புச் சட்டம் வந்துவிட்டது. 2021 திருத்தத்துக்குப் பிறகு இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டுமே வேண்டும். கணவர் கையெழுத்தோ மாமியார் அனுமதியோ சட்டம் கேட்கவில்லை. கருத்தடை தோற்றுப்போவதைப் பற்றிய இடத்தில் முன்பு ‘மணமான பெண்ணோ அவள் கணவரோ’ என்று இருந்தது. இப்போது ‘பெண்ணோ அவள் துணைவரோ’. 2022 செப்டம்பர் 29ல் நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, சிலருக்குச் சட்டம் தரும் இருபத்து நான்கு வாரம் வரையிலான வழி மணமாகாத பெண்ணுக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. உன் பெயரை வெளியே சொல்லும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது சட்டம். “யாருக்கும் சொல்லாதேக்கா” என்று அவள் என்னிடம் கெஞ்சியது அவளுக்கு ஏற்கெனவே இருந்த உரிமை.

தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒவ்வொருத்தியும் மனப்பாடம் செய்ய வேண்டியது இன்னொன்று இருக்கிறது. கரு கலைந்தாலும், மருத்துவரிடம் கலைத்துக்கொண்டாலும், ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் கருச்சிதைவுக்குக் கொடுத்த இந்த உரிமையை 1995 திருத்தம் மருத்துவக் கருக்கலைப்புக்கும் விரித்தது. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அங்கேயும் அந்த ஆறு வாரப் பணம் கிடைக்க வழி உண்டு. நாற்பத்திரண்டு நாள், தங்கச்சி! அவளுக்குப் பத்து நாள்கூடக் கிடைக்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா, எனக்குத் தெரியாது. கேட்கத் தெரிந்திருந்தால் அவர்கள் அத்தனை சுலபமாக வாசலைக் காட்டியிருக்க முடியாது. அது நிச்சயம்.

சட்டம் முழுமையானது என்று நான் சொல்லவில்லை. முடிவு உன்னுடையதானாலும் கதவைத் திறக்கும் சாவி மருத்துவர் கையெழுத்தில்தான் இருக்கிறது. 2023 அக்டோபரில், இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண் இருபத்தாறு வாரத்தில் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினாள். அனுமதி கிடைக்கவில்லை. அதனால்தான் நாள் தள்ளிய வாரமே பேசு என்கிறேன். வெட்கப்பட்டுக் கழிக்கிற ஒவ்வொரு வாரத்தையும் சட்டம் உன் கணக்கில்தான் எழுதும்.

வாய்விட்டுக் கேட்டும் சட்டமே குறுக்கே நின்ற கதையும் உண்டு. கர்நாடகத்தின் பெலகாவியில் பிறந்த சவிதா ஹலப்பனவர் பல் மருத்துவர். அயர்லாந்தில் கால்வே மருத்துவமனையில் பதினேழு வாரக் கருவோடு சேர்க்கப்பட்டார். கரு பிழைக்காது என்று தெரிந்த பிறகும், அதன் இதயம் துடித்துக்கொண்டிருக்கும்வரை கலைக்க முடியாது என்றார்கள். ரத்தத்தில் நச்சு ஏறி 2012 அக்டோபர் 28ல் இறந்தார். வயது 31. படித்தவர், பக்கத்தில் கணவர் இருந்தார், கேட்க வேண்டியதை வாய்விட்டுக் கேட்டார். அப்படியும் அந்த நாட்டுச் சட்டம் அவரைக் கொன்றது. அந்தச் சாவுக்காக அயர்லாந்துப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 2018 மே 25 வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அந்தத் தடையைத் தூக்கி எறிந்தார்கள். இங்கே நம் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு இன்னும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம்தான். தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்பு. ஆனால் அவசர மாத்திரையை அங்கே மருந்துக்கடையில் வாங்கலாம். நமக்கு நேர் தலைகீழ்: சட்டம் இருக்கிறது, மாத்திரை இல்லை.

இதையெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 1930லேயே பெரியார் ‘குடிஅரசு’வில் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதிவிட்டார். மற்றவர்கள் வறுமை தீர, உடம்பு தேற என்று காரணம் சொன்னபோது, பெண் விடுதலை பெறுவதற்கே அது வேண்டும் என்று வாதாடினார். தொண்ணூறு வருடத்துக்கும் மேலாகிறது. நம் பாட்டிமார் பப்பாளிக்காயும் எள்ளும் தின்று பார்த்தார்கள். அதற்கும் மசியாதபோது எருக்கங்குச்சிக்கு உடம்பைக் கொடுத்துச் செத்தும் போனார்கள். வேண்டாத கர்ப்பம் என்ற துயரம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. புதிதாக வந்திருப்பது பாதுகாப்பான மருந்து. அதை ஒளித்துவைத்துவிட்டு எந்தப் பண்பாட்டைக் காப்பாற்றுகிறார்கள்?

பெண் சிசுக்கொலை நடந்த மாநிலமாயிற்றே, கட்டுப்பாடு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்கிறவரை 1994ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளே போடட்டும், நானே சாட்சி சொல்ல வருகிறேன். ஆனால் அந்தக் குற்றத்துக்கும், விடிந்ததும் மாத்திரை தேடி அலைகிறவளுக்கும் என்ன சம்பந்தம்? கரு உண்டாகவே இல்லாதபோது அதில் ஆண் எங்கே, பெண் எங்கே? ஸ்கேன் சென்டரைப் பிடிக்க முடியாத கை கடைக்கு வரும் பெண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மாத்திரையைச் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது என்ற பேச்சும் இடையிடையே கிளம்புகிறது. அந்தப் பேச்சு அடுத்த தடவை எழும்போது, நம் குரலும் அந்த அறைக்குள் கேட்க வேண்டும்.

எப்படி என்கிறாயா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுது: லெவோநோர்ஜெஸ்ட்ரலைத் தடை செய்த ஆணையின் எண் என்ன, தேதி என்ன, நகல் கொடுங்கள். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். ‘அப்படி ஆணை எதுவும் இல்லை’ என்று வருகிற பதிலை ஜெராக்ஸ் எடுத்து ஹாஸ்டலில் ஆளுக்கு ஒன்று கொடு. திங்கட்கிழமைதோறும் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள் நடக்கிறது. வார விடுப்பு மாறி வருகிறவர்களில் யாருக்குத் திங்கட்கிழமை விடுப்போ அவர்கள் நாலு பேராகப் போங்கள். மே முதல் தேதி கிராமசபை கூடும். தொழிலாளர் தினத்தன்று தொழிலாளிப் பெண் எழுந்து ஒரு தீர்மானம் கேட்டால் யார் உட்காரச் சொல்வார்கள்? சொல்லத்தான் செய்வார்கள். உட்காராதே.

போன மாதம் என்னைத் தேடி ஒரு பெண் வந்தாள். சிப்காட்டில்தான் வேலை, மணமாகாதவள். அவளோடு நானும் கடைக்குப் போனேன், ஆனால் பேசியது அவள். அதே டியூப் லைட், அதே மாதிரி நாலைந்து ஆண்கள். ஓரமாக ஒதுங்கவில்லை, முன்னால் போய் நின்று மருந்தின் பெயரைச் சொன்னாள். கடைக்காரர் வழக்கம்போல, “அது தடை பண்ணின மாத்திரைம்மா” என்றார்.

தோள்பையிலிருந்து ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து கல்லா மேல் வைத்தாள். “சரிங்க அண்ணே. தடைன்னு இதுல எழுதி, கடை சீல் வச்சு, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க.”

அவர் நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பின்னால் நின்றவர்களில் ஒரு பெரியவர், “எழுதித்தான் கொடேன்யா, அந்தப் பொண்ணு என்ன தப்பாவா கேக்குது?” என்றார். கடைக்காரர் பேனாவைத் தொடவில்லை. போனை எடுத்து யாரிடமோ ஏதோ கேட்டார், இரண்டு தடவை மருந்தின் பெயரைச் சொன்னார், சத்தமாக.

“நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வாம்மா, வரவழைக்கிறேன்” என்றார்.

“ஆறே முக்காலுக்கு கம்பெனி பஸ் அண்ணே. ஆறரைக்கு வரேன்” என்று சொல்லிவிட்டு நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.